இரவல் மண்ணில் எழுந்த ஊர்

வீடு கட்டுவதற்குக் கல்லும் மண்ணும் போதும். ஊர் உண்டாவதற்கு அவை போதா. அடுத்த வீட்டாரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகக் குடிவந்தவரை நலம் விசாரிக்க ஒருவர் முன்வர வேண்டும். தெருவிளக்கு அணைந்தால் அது தம் வீட்டு விளக்கே என்று எண்ணுவோர் சிலரேனும் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆயிரம் வீடுகள் நின்றாலும் அதனை ஊர் என்று எவரும் அழைப்பதில்லை.

கையால் தொட முடியாத வீடுகளைக் கொண்டும் ஓர் ஊர் உண்டாகக் கூடுமா? கூடும் என்பதற்கு, அமெரிக்க நாட்டில் தோன்றி மறைந்த ஓர் இணைய ஊரின் வரலாறே சான்று. அதன் பெயர் ஜியோசிட்டீஸ். கைப்பேசித் திரையிலேயே உறவுகளைப் பேணிவரும் இன்றைய குடும்பங்கள் அதன் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

காலி மனையும் கதவு எண்ணும்

1994ஆம் ஆண்டின் இறுதியில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்னும் இருவர் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். மறு ஆண்டில், விரும்பியவர் எவரும் கட்டணமின்றித் தமக்கென ஒரு பக்கம் அமைத்துக்கொள்ள அது இடமளித்தது. அதுகாறும் இணையத்தில் பக்கம் வைத்திருப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாருக்கும் கணினி வல்லுநருக்குமே இயன்ற செயலாக இருந்தது.

இடம் கொடுத்த முறையில்தான் புதுமை இருந்தது. நிறுவனம் தன் பரப்பைப் பேட்டைகளாகப் பிரித்தது. குடும்பம், ஊர்ப்புற வாழ்வு ஆகியவற்றைப் பற்றி எழுதுவோருக்கு ‘ஹார்ட்லேண்டு’, கல்வியும் தத்துவமும் விரும்புவோருக்கு ‘ஏதென்ஸ்’, செவ்விசைக்கு ‘வியன்னா’, சிறுவர்களுக்கோ மாய வனம் என்று பொருள்படும் ‘என்சாண்டட் ஃபாரஸ்ட்’. குடியேற வந்தவர் தமக்கேற்ற பேட்டையில் காலி மனை ஒன்றைத் தேடி, நான்கு இலக்கக் கதவு எண்ணுடன் அதைப் பெற்றார். கிடைத்த இடமோ சில மெகாபைட். இன்று நாம் எடுக்கும் ஒரே புகைப்படத்திற்கு அது சரியாகிவிடும். எனினும், எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்று, அந்தச் சிற்றிடத்தில் தம் குலவரலாற்றையும் கவிதையையும் வளர்ப்புப் பூனையின் படத்தையும் மறைந்த பிள்ளையின் நினைவையும் மக்கள் பதித்து வைத்தனர்.

ஊராக்கியவர் யார்?

மனை கொடுத்தது நிறுவனம், ஊராக்கியவர்களோ குடியேறியவர்களே. ஒவ்வொரு பேட்டையிலும் ஊதியமின்றித் தொண்டு செய்வோர் இருந்தனர். புதியவருக்கு வரவேற்பு மடல் எழுதுவதும், படம் சேர்க்கத் தெரியாதவருக்குக் கற்பிப்பதும், விதி மீறுவோரைக் கண்டு சொல்லுவதும் இவர்களின் பணி. ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் ஒரு வருகைப் பதிவேடு கிடந்தது. வந்தவர் இரண்டு வரி எழுதித் தம் பக்கத்தின் முகவரியைக் குறித்துச் செல்வார். வீட்டுக்காரர் அம்முகவரி தேடிச் சென்று பதில் வணக்கம் சொல்வார். நல்ல பக்கத்திற்கு அயலார் விருது வழங்குவதும் உண்டு. அவ்விருது ஒரு சிறு படமேயாயினும், பெற்றவர் அதைப் பெருமையுடன் தம் முகப்பில் மாட்டி வைத்தார்.

‘வெப்ரிங்’ என்னும் வலை வளையத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சேஜ் வெய்ல் என்னும் அமெரிக்க இளைஞர் 1995இல் இதற்கெனத் தனி ஏற்பாடு ஒன்றைச் செய்தார். ஒரே பொருளில் ஆர்வமுடையோரின் பக்கங்கள், கும்மியடிக்கும் பெண்களைப் போல வட்டமாக இணைந்து நின்றன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘முந்தையது’, ‘அடுத்தது’ என்னும் இரு வழிகள் இருக்கும். ‘அடுத்தது’ என்று சென்றுகொண்டேயிருந்தால் புறப்பட்ட வாசலுக்கே வந்து சேரலாம். இவ்வட்டத்தில் தலைவாசலும் இல்லை, கடைவாசலும் இல்லை.

இது வெறும் வீட்டுக் குவியலன்று, உண்மையான சமூகமே என்று, எஞ்சிய பக்கங்களை ஆராய்ந்த கனடா நாட்டு வரலாற்றாசிரியர் இயன் மில்லிகன் எடுத்துக்காட்டியுள்ளார். பதிவேடுகளையும் விருதுகளையும் தொண்டர் பணியையுமே அவர் அதற்குச் சான்றாகக் கொள்கிறார்.

நிலம் கைமாறியது

ஆனால் அந்த நிலம் குடியிருந்தோருடையதன்று. 1999இல் யாகூ நிறுவனம் ஏறக்குறைய 360 கோடி டாலர் மதிப்பில் ஜியோசிட்டீசை வாங்கிற்று. குடியிருந்தோர் எழுதியவற்றின்மேல் தனக்குப் பரந்த உரிமை உண்டு என்னும் பொருள்படப் புதிய விதிகளை வெளியிட்டது. குடிகள் கொதித்தெழுந்தனர். பலர் தம் பக்கங்களின் வண்ணத்தைத் துடைத்துச் சாம்பல் நிறமாக்கினர். சிலர் வீட்டையே காலி செய்தனர். சில நாட்களில் நிறுவனம் விதிகளைத் திருத்தியது. அண்டை அயலார் ஒன்றுபட்டு நின்றால் பெருநிறுவனமும் செவிசாய்க்கும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அவ்வாண்டே பேட்டைப் பெயரும் கதவு எண்ணும் கொண்ட முகவரி முறை கைவிடப்பட்டது. தெருப் பெயர் போனபின் அடுத்த வீடு எது என்று எவ்வாறு அறிவது?

2009ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. பல மாதங்களுக்கு முன்பே அறிவிப்பு வந்தது உண்மைதான். ஆனால் பக்கத்தை அமைத்தவரே மறைந்திருந்தால், அதை வந்து எடுத்துச் செல்பவர் யார்? ஜேசன் ஸ்காட் என்பாரும் அவருடன் சேர்ந்த ‘ஆர்க்கைவ் டீம்’ என்னும் தன்னார்வலர் குழுவும், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிறுவனமும் தம்மாலியன்ற அளவு படியெடுத்துக் காத்தனர். எல்லாவற்றையும் காக்க இயலவில்லை.

மீண்டும் கட்டுவோர்

இந்த இழப்பிலிருந்து பாடம் கற்றவர்களும் உண்டு. 2011இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சிலர் கூடி ‘இண்டிவெப்’ என்னும் இயக்கத்திற்கு உருக்கொடுத்தனர். அவர்தம் கொள்கை எளியது: சொந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொள், எழுதுவதை முதலில் உன் வீட்டில் வை, பிறகு அதன் படியை விரும்பிய சந்தைக்கு அனுப்பு. சொந்த வீடு தனிமைச் சிறையாகிவிடலாகாது என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். ஒருவர் தம் பக்கத்தில் மற்றொருவருக்கு மறுமொழி எழுதினால், அச்செய்தி உரியவரின் பக்கத்திற்குத் தானே சென்று சேரும் ‘வெப்மென்ஷன்’ என்னும் முறையை வகுத்தனர். 2017இல் அது உலகளாவிய வலைத் தரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஒரே அறையில் கூடியமர்ந்து, அவரவர் பக்கத்தைச் செப்பனிட்டு, ஐயங்களைக் கேட்டுத் தெளியும் கூட்டங்களையும் நடத்துகின்றனர். கைல் டிரேக் என்பார் 2013இல் தொடங்கிய ‘நியோசிட்டீஸ்’ தளத்திலோ, இளைய தலைமுறையினர் பழைய பாணிப் பக்கங்களை மீண்டும் கட்டி, ஒருவர் வாசலுக்கு ஒருவர் போய்வருகின்றனர்.

இவையும் முற்றிலும் சொந்த மண் ஆகிவிடா. முகவரிப் பெயருக்கும் உரிய காலத்தில் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும். ஆகவே இவ்வரலாறு நமக்கு உணர்த்துபவை இரண்டு. எழுதியதையும் படங்களையும் நம் கைவசம் ஒரு படியெடுத்து வைத்திருப்பது முதலாவது. நிலம் எவருடையதாயினும், உறவு நாமே நட்டு நீர் ஊற்ற வேண்டிய பயிர் என்பது இரண்டாவது.

அன்பார்ந்த வாசகர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளின் குழந்தைப் பருவப் படங்கள் இன்று எவருடைய மண்ணில் இருக்கின்றன? அவற்றின் படி நம் இல்லத்தில் உண்டா? இன்று மாலையே குடும்பமாக அமர்ந்து பாருங்கள். பின்பு, நீங்கள் விரும்பிப் படித்தும் ஒரு சொல்லும் சொல்லாமல் வந்துவிட்ட எவருடைய பக்கத்திற்கேனும் சென்று, இரண்டு வரி எழுதிவிட்டு வாருங்கள். வருகைப் பதிவேட்டில் விழும் அந்த இரண்டு வரியிலிருந்துதான் ஊர் தொடங்குகிறது.