உப்பிலிருந்து தொடங்கட்டும் வரலாற்றுப் பாடம்

போர்த்துக்கேயர் 1505, ஒல்லாந்தர் 1658, ஆங்கிலேயர் 1796. பரீட்சைக்கு இந்த வரிசை போதும். ஆனால் கடல் கடந்து வந்த ஒரு வணிகக் கம்பனி மலைநாட்டு அரசனை எப்படிப் பணியவைத்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், இந்த ஆண்டுகளில் விடை கிடைக்காது. புத்தளம் கரையோரப் பிள்ளைகளுக்கு அந்த விடை கண்ணெதிரே இருக்கிறது: உப்பளம்.

வகுப்பில் முதலில் வரைபடத்தை விரிக்க வேண்டும். புத்தளம் கடனீரேரி வடக்கே கடலோடு சேரும் பக்கத்தில் கற்பிட்டி. அதற்கு அப்பால் ஒல்லாந்தர் விரிகுடா, போர்த்துக்கல் விரிகுடா என்ற பெயர்கள் இன்றும் நிற்கின்றன. போர்த்துக்கேயரைத் துரத்த 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு கைகோத்தான். துரத்திய பிறகு கூட்டாளி கரையை விட்டு நகரவில்லை. 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினான். முருகைக்கல்லில் எழுப்பிய சுவர், நான்கு மூலையிலும் கொத்தளம். பெரிய கோட்டையல்ல, ஆனால் ஏரிக்குள் வரும் தோணிகளைக் கண்காணிக்க அது போதும்.

மலையில் நெல் விளையும், உப்பு விளையாது. புத்தளத்திலும் சிலாபத்திலும் அள்ளிய உப்பைப் பொதிமாடுகள் கண்டிக்குச் சுமந்தன. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள்ளேயே புகுந்து சூறையாடினார்கள். மறு ஆண்டு உடன்படிக்கையில் அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுத்தான். பதிலுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, இந்த உப்பளங்களில் கண்டி மக்கள் உப்பு அள்ளிக்கொள்ளலாம் என்பது. தன் நாட்டு உப்பை அள்ள அந்நியனின் அனுமதி! ஏகாதிபத்தியத்தை விளக்க எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஆங்கிலேயர் வந்ததும் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. அக்கரையில், இந்தியாவிலும் அதே கதைதான். 1930இல் ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிச் சிறை சென்றார்கள்.

இந்தப் பாடத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர்கள் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அடிமைகளாகவும் படையாட்களாகவும் ஐரோப்பியர் கப்பலேற்றிக் கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது சிங்களம். விழாக்களில் பாடும் மஞ்ஞா பாட்டிலோ போர்த்துக்கேயக் கிரியோல் சொற்கள். மொசாம்பிக், கோவா, லிஸ்பன், புத்தளம் ஆகிய நான்கையும் ஒரே கோட்டில் இணைக்க ஆசிரியருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான் மாணவர்களை அழைத்துப் போக வேண்டும். அதே பயணத்தில் ஓர் உப்பளத்தையும் பார்த்துவிட்டு, சிரம்பியடிப் பெரியவர்களிடமும் சம்மதம் கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம்.