செவியில் ஓடும் அலைநரம்பு

கோழி இறகால் காது குடையும்போது திடீரென இருமல் எழுவதைக் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர் பலர் அறிவர். காதைத் தொட்டால் தொண்டை அதிர்வானேன்? இரண்டிற்கும் ஒரே நரம்பு கிளை விட்டிருப்பதே காரணம். இலத்தீனில் 'வேகசு' என்பதற்கு அலைவது என்று பொருள்; ஆதலின் அதனை அலைநரம்பு எனலாம். மூளைத்தண்டில் தோன்றிக் குரல்வளை, நெஞ்சாங்குலை, நுரையீரல், இரைப்பை என அலைந்து குடலை எட்டும் இந்நரம்பின் சிறு கிளையொன்று செவிக்கும் செல்கின்றது.

இதன் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, உடலின் செய்தியை மூளைக்கு ஏற்றிச் செல்வன. ஆகவே, இதைத் தூண்டி மூளையைத் தொடலாம் என மருத்துவர் எண்ணினர். 1988இல் வலிப்பு நோயாளி ஒருவரின் மார்புத் தோலடியில் மின்கருவி பதித்துக் கழுத்து நரம்போடு இணைத்தனர். 1997இல் அமெரிக்க அரசு அம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. கத்தியின்றி அதனைச் செய்யும் வழிகளுள் ஒன்று செவி. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 12 பேரின் செவிமடல் மேற்குழியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தியபோது, அலைநரம்பு மூளைத்தண்டில் சென்று சேரும் இடமும், விழிப்பையும் கவனத்தையும் ஆளும் நீலக்கருவும் கிளர்ந்தன. ஒப்பீட்டுக்குத் தூண்டிய இடம், தோடு அணியும் காதுச்சோணை. அங்கு ஓடுவது வேறு நரம்பு. காது குத்தினால் அலைநரம்பு விழிக்கும் என்று மேடையில் முழங்குவோர் இதனைக் கருதுவாராக!

நம்மவர்க்கு நெருங்கிய ஆய்வு, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நரம்பியல் நிலையத்தார் 2011இல் வெளியிட்டது. 12 பேர் 'ஓம்' என ஒலித்தனர்: ஓகாரம் 5 விநாடி, மகரம் 10 விநாடி. (ஒற்றளபெடைக்கு இதனினும் நீண்ட சான்று வேண்டுமோ!) அப்பொழுது அச்சம், கவலை முதலிய உணர்ச்சிகளுக்குரிய மூளைப்பகுதிகள் அடங்கின. 'ஸ்ஸ்ஸ்' என்றபோது அவை அடங்கவில்லை. ஓமின் அதிர்வு காதைச் சுற்றி உணரப்படுவதால் செவிக்கிளை தூண்டப்படலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

கருத்துத்தான், நரம்பை அவர்கள் நேரே அளக்கவில்லை. நலமுள்ள பன்னிருவரிடம் கண்டதை நம்பி, வலிப்பு மாத்திரையை ஒருவர் நிறுத்துவாராயின் அது பெருங்கேடு.

தமிழாசிரியர்க்கு மற்றோர் ஐயமும் எழும். ஸகரத்தில் குரல்நாண் அதிர்வதில்லை. மகரமோ இதழ் மூடி மூக்கில் அதிர்வது. எனவே அடங்கச் செய்தது ஓங்காரமா, வெறும் முனகலா? தாலாட்டும் தாயின் 'ம்ம்' என்னும் ஒலிக்கும் அவ்வாற்றல் உண்டா? அதே சுருதியில், அதே நேர அளவில், வாய்மூடி 'ம்' என ஒலிக்கச் செய்து 'ஓம்' ஒலியோடு ஒப்பிட்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.