ஏலப்பூவின் ஒரு பகல்

போடிமெட்டு: விடியற்காலையில் போடியில் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் நம் பெண்களுக்கு ஏலப்பூவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏலக்காய் டீ கேட்டு வாங்கிக் குடிக்கும் நம்மில் பலர்தான் அதைக் கண்ணால் கண்டதில்லை.

காணாததில் வியப்பில்லை. பூ செடியின் உச்சியில் இராது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த தூரின் அடியில், தரையோடு படரும் சரத்தில் பூக்கும். குனிந்து தழையை விலக்கினால் வெள்ளை இதழும் அதில் ஊதா வரிகளும் தெரியும். தேன் இருக்குமிடத்தைத் தேனீக்குக் காட்டும் வழிதான் அந்த வரிகள்.

கடைகளில் பூச்செண்டு கட்டும் ப்ரீசியா தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகைச் சுற்றிய பூ. ஏலமோ இந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக் குழந்தை. சோலைக் காடுகளின் நிழலில் தானே முளைத்தது. 17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்களின் கவர்னராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றித் தொகுத்த பெருநூலில் இதை 'எலெத்தாரி' என்று எழுதி வைத்தார். மலையாளத்து ஏலத்தரிதான் அது. 'எலெட்டாரியா' என்ற தாவரவியல் பெயரும் அதிலிருந்து வந்ததே. பிறந்த இடம் இதுவானாலும், 20ஆம் நூற்றாண்டில் ஏலத்தைக் கொண்டுபோய் நட்ட குவாதிமாலா நாடு இன்று விளைச்சலில் நம்மை முந்தி நிற்கிறது.

தேனீ வராவிட்டால்

பூ விடியுமுன் விரிகிறது, மாலைக்குள் வாடிவிடுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருந்தும் மகரந்தம் தானாகச் சேராது. தேனீ வந்து சேர்க்க வேண்டும். வராவிட்டால் பூ உதிரும். காய் இல்லையேல் காயெடுப்பும் இல்லை, கூலியும் இல்லை.

ஆனால் வைகாசி முதல் ஆவணி வரை பூ மிகுந்திருக்கும் காலத்தில்தான் பேனும் தண்டுத் துளைப்பானும் தொல்லை தருகின்றன. மருந்து அடிக்காமல் முடியாது என்கிறார்கள் தோட்டக்காரர்கள். அடித்தால் தேனீ மடிகிறது. நஞ்சு காயிலும் தங்குகிறது. 2018ல் சவூதி அரேபியா இந்த நஞ்சைக் காரணம் காட்டி நம் ஏலக்காயைத் திருப்பியது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்துக்கே வழக்கு வந்து, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் விற்பனையாகாமல் முடங்கின. கேரள உயர் நீதிமன்றத்தின் அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024ல் ரத்து செய்தது. டின்களில் இருந்த பாயசம் அதற்குள் கெட்டுப்போயிற்று.

காலையில் தெளிக்காமல், தேனீ நடமாட்டம் அடங்கிய பிற்பகலில் தெளிப்பது ஒரு வழி. சில தோட்டங்களில் தேனீப் பெட்டிகளும் வைக்கிறார்கள். ஆனால் காலையில் வந்து மாலையில் மலையிறங்கும் கூலியாட்களை நம்பி வேலை நடத்தும் தோட்டத்தில் இந்த நேரக்கணக்கு சுலபமில்லை. மருந்து டப்பாவைத் தோளில் சுமப்பவரும் அவர்களில் ஒருவர்தான். தேனீயைக் கொல்லும் புகை அவர் மூக்கிலும் ஏறுகிறது. கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு.