உறங்க மட்டுமா ஊர்?

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருவோரில் பலருக்கு வீட்டில் அமர்ந்து நிதானமாகத் தேநீர் பருக நேரமிருப்பதில்லை. அடுக்குப் பாத்திரத்தில் சோறு தயாராக இருக்கும். அதை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்திற்கு விரைகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது மஃரிபும் கடந்திருக்கும். சிலர் இஷாவுக்குப் பிறகே வீட்டு வாசலை மிதிப்பார்கள். பிழைப்பு ஓர் ஊரில், படுக்கை ஓர் ஊரில் என்று வாழும் குடும்பங்கள் இன்று தமிழகமெங்கும் உள்ளன. கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கம் இந்த வாழ்க்கையை நன்கறிந்த ஊர்.

நெல்லிக்குப்பத்திற்கும் பண்ருட்டிக்கும் இடையே அமைந்த பேரூராட்சி இது. விழுப்புரத்தையும் கடலூரையும் இணைக்கும் இருப்புப்பாதையில் ஒரு நிலையமும் இதற்கு உண்டு. கிழக்கே நெல்லிக்குப்பத்தின் சர்க்கரை ஆலை 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. மேற்கே பண்ருட்டி, பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்ற சந்தை. கடலூரோ மாவட்ட அலுவலகங்களின் இருப்பிடம். 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டது; இன்று மாவட்டத்தின் பெயரும் அதுவே. பண்ருட்டி வழியே தெற்கே சென்றால் நெய்வேலி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி, 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த பின் இப்பகுதியின் பிழைப்பு முறையே மாறிற்று. உழவையும் சிறு வணிகத்தையும் நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் மாதச் சம்பளத்தை நாடிப் பயணப்பட்டார்கள்.

மேலைநாடுகளிலும் இத்தகைய ஊர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், அமெரிக்காவின் நியூயார்க் நகருக்கு வெளியே லெவிட்டவுன் என்னும் குடியிருப்பு எழும்பத் தொடங்கியது. ஒரே அச்சில் வார்த்தாற்போல் ஆயிரக்கணக்கான வீடுகள்! அங்கே வீடுகள் முதலில் வந்தன. ஊர் என்ற உணர்வு பின்னர் மெல்ல மெல்லவே வளர்ந்தது. நம் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கே ஊர் முதலில் இருந்தது. பள்ளிவாசலும் உறவும் அண்டை அயலும் இருந்தன. வேலைதான் பின்னால் வந்து மனிதர்களைப் பகலெல்லாம் இழுத்துச் சென்றது. ஆகவே, ஊரைப் புதிதாக உண்டாக்கும் கவலை நமக்கு இல்லை. இருப்பதை இழந்துவிடாமல் காக்கும் கவலையே நமக்கு உண்டு.

‘நெய்வேலி நகரியத்திலேயே குடியிருந்துவிடலாமே’ என்று சிலர் கேட்பதுண்டு. அகன்ற சாலைகளும் நிழல் மரங்களும் கொண்ட அந்த வட்டங்களில் வசிப்பது வசதிதான். ஆனால் நிறுவனக் குடியிருப்பு பணிக்காலம் வரைக்கும்தான். ஓய்வு பெறும் நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டும். அறுபது வயதில் புதிய ஊர் தேடிப் புதிய அண்டை வீட்டாரைப் பழகிக்கொள்வது எளிதன்று. சொந்த ஊரிலிருந்தே சென்று வருபவர் நாள்தோறும் அலைகிறார். ஆயினும் முதுமையில் அவர் அந்நியராவதில்லை.

ஆனால் அந்த அலைச்சலுக்கு விலை உண்டு. போகவும் வரவும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாட்கள் வேலை என்றால் 50 மணி நேரம். ஆண்டுக்கு 600 மணி நேரம். அதாவது ஆண்டில் முழுதாக 25 நாட்களைப் பேருந்திலேயே கழிக்கிறோம்! அந்த நேரம் பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்படுகிறது. “அத்தா எப்ப வருவாங்க?” என்று கேட்டுக் கேட்டுக் குழந்தை உறங்கிவிடுகிறது.

பகல் நேரத்தில் ஊரின் முழுச் சுமையும் பெண்கள் தலையில் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்திடுவது, மாமனாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, கேஸ் சிலிண்டர் வாங்கிவைப்பது எல்லாமே அவர்கள் பொறுப்பு. பகலில் ஊரை நடத்துகிறவர்கள் அவர்களே. ஊர்க் காரியங்களைப் பேசும் இடத்தில் மட்டும் அவர்களின் கருத்தைக் கேட்பார் இல்லை.

உயிரச்சமும் இருக்கிறது. 2023 ஜூன் 19ஆம் நாள் மேல்பட்டாம்பாக்கம் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. உயிர்கள் பலியாயின, ஏராளமானோர் காயமுற்றனர். வழக்கம்போல் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர்கள்தாமே அவர்களும்! இருப்புப்பாதையை நம்பியிருந்தோருக்கும் சோதனை வந்ததுண்டு. அகலப்பாதைப் பணிக்காக 2006 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில்கள் 2010இல்தான் மீண்டும் ஓடின. அத்தனை காலமும் சாலையே கதியாயிற்று.

இந்நிலையில் நாம் செய்யக்கூடியது என்ன? அரசிடம் கேட்க வேண்டியவை உள்ளன: அகலமான, பாதுகாப்பான சாலை, வேலை நேரத்தோடு பொருந்தும் ரயில்கள். அவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்போம். நம் கையில் இருப்பவற்றை இன்றே தொடங்கலாம்.

ஜுமுஆ முடிந்ததும் ஜமாஅத் கூட்டம் நடத்துவது நம் ஊர்களில் வழக்கம். வெளியூரில் வேலை செய்பவர் அங்குள்ள பள்ளியில் ஜுமுஆ தொழுகிறார். சந்தா கொடுத்தும் சொந்த ஊர்க் கூட்டத்தில் அவருக்கு இடமில்லாமல் போகிறது. கூட்டத்தை ஞாயிறன்றோ இஷாவுக்குப் பின்னரோ வைத்தால் அவரும் வருவார். பெண்களின் தேவைகளை அறியத் தனி ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்கள், வண்டி வைத்திருப்போர், இரத்த வகை ஆகியவை அடங்கிய பட்டியல் ஒன்று இருந்தால், பகலில் ஆண் துணையில்லாத வீடும் தவித்து நிற்காது. ஓய்வு பெற்ற பெரியவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால், தந்தை இல்லாத அந்த நேரம் வீணாகாது.

சகோதரர்களே! வேலையிலிருந்து களைத்து வருகிறீர்கள், உண்மைதான். ஆயினும் செருப்பைக் கழற்றியதும் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ தேடாமல், பிள்ளையை அருகில் அழைத்து இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். உறங்குமுன் அண்டை வீட்டு முதியவரின் நலத்தை ஒரு வார்த்தை விசாரியுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பது நாம் அறியாததன்று. பத்து நிமிடப் பேச்சு போதும். தலை சாய்க்க வந்த இடம் ஊராகிவிடும்.