உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கடியில் ஓடும் இணையம்

நாம் அனுப்பும் செய்தி வானத்தில் பறந்து போவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையத் தகவலில் பெரும்பகுதி கடலடிக் கேபிள்களில்தான் ஓடுகிறது! உள்ளே தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழைகள். அவற்றில் தகவல் ஒளித்துடிப்புகளாக, நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது.

அந்தமான் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அது இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். தகவல் ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். கால் நொடிதானே என்று தோன்றலாம். தொலைபேசிப் பேச்சின் நடுவே அந்தத் தாமதம் வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையை அந்தமானோடும் தீவுகளை ஒன்றோடொன்றும் இணைத்து, மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. இப்போது சென்னையிலிருந்து அந்தமான் தலைநகருக்கு ஒளி போய்ச்சேர ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை.