கடிகாரம் யார் கையில்?

திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் லினக்ஸில் 'கேடென்லைவ்' என்ற காணொளி எடிட்டர் உண்டு. பள்ளிகளில் இயங்கும் 'லிட்டில் கைட்ஸ்' ஐடி மன்ற மாணவர்கள் எடிட்டிங் பழகுவது அதில்தான். அதற்குள் ஓடும் எஞ்சின் எம்.எல்.டி. அதன் பழைய மூலநிரல் கோப்புகளைத் திறந்தால், காப்புரிமை வரியில் ஈநாடு குழுமத்தின் உஷோதயா எண்டர்பிரைசஸ் பெயர் 2003, 2004 ஆண்டுகளோடு நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்காக அல்ல, தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகப் பிறந்த நிரல் அது. அதில் கோப்பைப் படிக்கும் பகுதி தானாக எதையும் அனுப்புவதில்லை. கடைசியில் இருக்கும் பகுதி "அடுத்த ஃபிரேம் கொடு" என்று கேட்கிறது. அந்தக் கேள்வி ஃபில்டர்களைத் தாண்டிப் பின்னோக்கிப் போகிறது. படம் உண்மையிலேயே தேவைப்படும்வரை அதை விரிக்கும் வேலை நடப்பதில்லை. ஒளிபரப்பில் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 40 மில்லிநொடிக்கு ஒன்று, போயே ஆக வேண்டும். வட்டில் கிடக்கும் கோப்புக்கு எந்த அவசரமும் இல்லை. எனவே என் கட்சி இது: பைப்லைனில் எந்தப் பகுதியால் காத்திருக்க முடியாதோ, அதுவே மற்றவற்றை ஓட்ட வேண்டும்.

அப்படியானால் இன்னொரு மல்டிமீடியா பைப்லைன் கட்டமைப்பான ஜிஸ்ட்ரீமர், கடைசிப் பகுதி இப்படிக் கேட்டு இழுக்காமல், ஏன் பெரும்பாலும் தரவை முன்னோக்கித் தள்ளுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2005 டிசம்பரில் வந்த அதன் 0.10 பதிப்பு, எல்லா எலிமென்ட்களையும் (பைப்லைன் பகுதிகளை) மேய்த்த தனி ஷெட்யூலரையே தூக்கி எறிந்தது. யார் இழுப்பது, யார் தள்ளுவது என்பதை அண்டை எலிமென்ட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. எம்பி4 கோப்பின் அட்டவணை பல சமயம் கோப்பின் கடைசியில் கிடக்கும். அதைப் பிரிக்கும் டிமக்ஸர், இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் என்று கோப்பிடமே கேட்டு எடுத்துவிடுகிறது. அதற்கு அப்பால் தள்ளுதான். காரணம் எளிது: சவுண்டு கார்டு 1,024 சாம்பிள் கேட்டால், எம்பி3 டிகோடர் 1,152 கொண்ட ஃபிரேமாகத்தான் தர முடியும், வீடியோ டிகோடரோ சில பாக்கெட்டுகளை விழுங்கிவிட்டுப் படமே தராமல் இருக்கும். கேட்ட அளவும் கிடைக்கும் அளவும் பொருந்தாத இடத்தில் இழுப்பது வீண் கணக்கு. ஆனால் இந்தத் தள்ளலையும் உற்றுப் பாருங்கள். கடைசி எலிமென்ட் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வரும்வரை பஃபரைப் பிடித்து வைக்கிறது. தள்ளியவரின் த்ரெட் அங்கேயே நிற்கிறது. தள்ளுபவர் ஓடுகிறார், வேகத்தை வைப்பவர் வேறு.

நேரலைதான் உண்மையான சிக்கல். மைக்காலும் காத்திருக்க முடியாது, ஸ்பீக்கராலும் முடியாது. இரண்டும் 48,000 ஹெர்ட்ஸ் என்றுதான் சொல்லும். ஆனால் இரண்டின் கடிகாரப் படிகங்களுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு மணி நேரத்தில் 8,640 சாம்பிள் உபரியாகும் அல்லது குறையும். இங்கே முழு இழுப்பும் உதவாது, முழுத் தள்ளலும் உதவாது. நடுவில் ஒரு க்யூ, இருபுறமும் தனித்தனி த்ரெட், ஒரு கடிகாரத்துக்கு இசைய மற்றதை ரீசாம்பிள் செய்வது என்றுதான் போக வேண்டும். பெரிய க்யூவே தீர்வாகாதா என்பவர்களுக்கு: அது வழிதலைத் தள்ளிப்போடும், தாமதத்தையும் கூட்டும்.

2020 ஜூன் 1 அன்று கைட்டின் கல்வித் தொலைக்காட்சியான கைட் விக்டர்ஸில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளில் தள்ளல், இழுப்பு என்ற இரண்டு வழிகளும் அருகருகே இருந்தன. தொலைக்காட்சியில் பாடம் குறித்த நேரத்துக்குத் தள்ளப்பட்டது. யூடியூபில் பிளேயர் துண்டு துண்டாகக் கேட்டு வாங்கியது. இழுப்பதில் போக வர நேரம் வீணாகிறதே என்ற ஆட்சேபம் இந்த இரண்டாவதற்குப் பொருந்தும். அதனால்தான் பிளேயர்கள் சில நொடிகளுக்கான துண்டுகளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு முன்கூட்டி என்பது இணைப்பின் தரத்தைப் பொறுத்தது.