அருகிவரும் பாலூட்டிகளும் மரபணு மீட்பும்

அருகிவரும் விலங்கினத்தைக் காத்தல் என்றவுடன், வேட்டையைத் தடுத்தலும் காட்டைப் பேணுதலுமே நம் நினைவிற்கு வருவன. இவ்விரண்டும் இன்றியமையாதனவே. ஆயினும், எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்ட ஓர் இனத்திற்கு இவை மட்டும் போதா என்பதனை மரபியல் காட்டியுள்ளது. வேட்டுவன் புகாத காட்டிலும் ஒரு சிறு கூட்டம் தன்னுள்ளேயே நலிந்து அழிதல் கூடும். அந்நலிவு நேருமாற்றையும், அதனைப் போக்க மரபியல் துணைபுரியுமாற்றையும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் புளோரிடாப் பூமாவின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. சிறு கூட்டத்தின் நலிவு

பாலூட்டி ஒவ்வொன்றும் பெரும்பாலான மரபணுக்களில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகளைப் பெறுகின்றது. ஒரு படி குறையுடையதாயினும், மற்றையது செம்மையாக இருப்பின் அக்குறை பெரும்பாலும் வெளிப்படாது ஒடுங்கி நிற்கும். பெருங்கூட்டத்தில் இணையும் இரு விலங்குகளும் ஒரே குறையை உடையனவாதல் அரிது. சிறு கூட்டத்திலோ, சில தலைமுறைகளுக்குப் பின்னர் இணைவன எல்லாம் உறவினவாகவே அமையும். ஒரே மூதாதையின் குறைப்படி இரு வழியாலும் வந்து ஒரு குட்டியிடம் சேரும். ஒடுங்கியிருந்த குறை வெளிப்படும். இதனை உறவுக்கலப்பு நலிவு எனலாம்.

மற்றுமோர் இழப்பும் உண்டு. ஒரு தலைமுறையிலுள்ள மரபணு வகைகள் யாவும் அடுத்த தலைமுறையைச் சேர்வதில்லை. சில தற்செயலாகவே விடுபட்டுப் போகும். ஒத்த அளவில் இனம்பெருக்கும் விலங்குகள் 50 உள்ள கூட்டத்தில், மரபணு வேறுபாடு தலைமுறைதோறும் நூற்றுக்கு 1 பங்கு குறையும். 25 ஆயின் 2 பங்கு. 10 ஆயின் 5 பங்கு. இக்கணக்கின்படி 25 விலங்குகள் கொண்ட கூட்டம் பத்துத் தலைமுறைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கினை இழந்துவிடும். கண்ணாற் காணும் விலங்குகள் அனைத்தும் குட்டி ஈனுவன அல்ல. ஆதலின், மரபியலார் கொள்ளும் எண், காட்டில் எண்ணிக் காணும் எண்ணினும் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

2. புளோரிடாவில் நிகழ்ந்தது

புளோரிடாப் பூமாவை அந்நாட்டார் ‘பாந்தர்’ என வழங்குவர். எனினும், இது நம் நாட்டுச் சிறுத்தை அன்று. ஒருகாலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியெங்கும் திரிந்த இவ்விலங்கு, வேட்டையாலும் நிலமாற்றத்தாலும் ஒடுங்கி, 1990களின் தொடக்கத்தில் புளோரிடாவின் தென்கோடிச் சதுப்புக் காடுகளில் ஏறத்தாழ 20 முதல் 30 வரையிலேயே எஞ்சியது. எஞ்சியவற்றுட் பல வால் நுனி வளைந்தும், முதுகில் மயிர்ச்சுழி பெற்றும் காணப்பட்டன. இவை புறக்குறிகளே. ஆண்களிற் பலவற்றிற்கு விரை இறங்காமையும், விந்தணுக்களிற் பெரும்பகுதி பழுதுற்றமையும், சிலவற்றிற்கு இதயச் சுவரில் துளையும் இருந்தமையே அச்சத்திற்கு உரியன.

1995ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்துப் பெண் பூமாக்கள் எட்டு அங்குக் கொணர்ந்து விடப்பட்டன. அவற்றுள் ஐந்து குட்டி ஈன்றன. எஞ்சியிருந்த டெக்சாஸ்ப் பெண்கள், தம் பணி முடிந்தமையின், 2003ஆம் ஆண்டளவில் காட்டினின்று அகற்றப்பட்டன. 2010இல் வெளிவந்த ஆய்வு, பூமாக்களின் எண்ணிக்கை மும்மடங்கானதையும், மரபணு வேறுபாடு இருமடங்கானதையும், உறவுக்கலப்பின் குறிகள் குறைந்ததையும் எடுத்துக்காட்டியது. இத்தகைய செயலை மரபணு மீட்பு என்பர்.

3. தூய்மை பற்றிய ஐயம்

இச்செயலுக்கு முன்னர் ஒரு தடை எழுப்பப்பட்டது. வேற்றிடத்து விலங்கைக் கலப்பின் புளோரிடாப் பூமா தன் தனித்தன்மையை இழவாதோ, ஒன்றைக் காக்கப் புகுந்து பிறிதொன்றை ஆக்கியதாகாதோ என்பது அது. இது புறக்கணிக்கத்தக்க ஐயம் அன்று. வெவ்வேறு சூழலுக்குப் பழகிய கூட்டங்களைக் கலந்தால், வழித்தோன்றல்கள் இரு சூழலுக்கும் ஒவ்வாது போதலும் உண்டு.

இதற்கு விடைகள் இரண்டு. பூமாவின் வாழிடம் துண்டுபடுமுன் டெக்சாஸ்க் கூட்டமும் புளோரிடாக் கூட்டமும் இடையறாது கலந்தே வாழ்ந்தன. ஆகவே, 1995இல் நிகழ்ந்தது புதுக்கலப்பு அன்று, அறுந்த தொடர்பின் புதுப்பித்தலே. மேலும், எவர்கிளேட்ஸ் பகுதிப் பூமாக்களிற் சில, முன்னரே நடு, தென் அமெரிக்க மூதாதையரின் மரபணுக்களைத் தாங்கியிருந்தமையை 1990இல் வெளிவந்த ஆய்வு புலப்படுத்தியது. 1950, 1960களில் அங்கு விடப்பட்ட வளர்ப்புப் பூமாக்களின் வழிவந்தவை அவை. தூயது எனக் கருதப்பட்டது முற்றும் தூயதாக இருந்ததில்லை என்பது இதனாற் பெறப்படும். எங்கிருந்து கொணர்தல் தகும் என்பதனை ஊகத்தால் அன்றி மரபணுச் சான்றால் துணிய முடிந்தமையே இத்துறையின் பயன்.

4. ஒருமுறை உதவி போதுமோ?

போதாது என்பதற்குச் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவின் ஓநாய்கள் சான்று. 1997இல் ஓர் ஆண் ஓநாய் உறைந்த பனிமேல் நடந்து தீவை அடைந்தது. வலிமைமிக்க அதன் வழித்தோன்றல்கள் பெருகின. ஆயின், சில தலைமுறைகளுள் தீவின் ஓநாய்கள் எல்லாம் அதன் உறவினவாயின. மீண்டும் உறவுக்கலப்பே விளைந்தது. 2016இல் இரண்டே ஓநாய்கள் எஞ்சின. 2018, 2019ஆம் ஆண்டுகளில் 19 ஓநாய்களை வெளியினின்று கொணர வேண்டியதாயிற்று. முற்காலத்தில் பனிப்பாலம் அடிக்கடி அமைந்து புதுவரவிற்கு வழி தந்தது. குளிர் குறைந்தமையின் அவ்வழியும் அருகிற்று.

5. முடிபு

எண்ணிக்கை ஒன்றே ஓர் இனத்தின் நலத்தைக் காட்டாது. அதன் உள்ளே உள்ள வேறுபாடும் அளக்கப்படல் வேண்டும். எப்போது, எங்கிருந்து, எத்துணை விலங்குகளைச் சேர்ப்பது என்பதனை மரபியல் கூறும். ஆனால், சேர்ந்தவை வாழ இடம் வேண்டும். புளோரிடாப் பூமாக்கள் இறத்தற்கு அறியப்பட்ட காரணங்களுள் தலையாயது இன்று ஊர்திகள் மோதுதலே; விரிந்த சாலைகளின் கீழே விலங்குகள் கடக்க வழியமைத்தல் அங்கு மரபணு மீட்போடு ஒத்த இன்றியமையாமை உடையது. துண்டுபட்ட நிலத்தை இணைப்பின் விலங்குகள் தாமே கலக்கும். இணைக்க இயலாதவிடத்தே மனிதன் அவற்றைச் சுமந்து செல்லல் வேண்டும், அதுவும் ஒருமுறையன்று, பன்முறை.